ஆலம்பட்டி வண்டி உடனே வெளியே வரவும்

தம்பி,

கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று நினைப்பாய். கை நடுங்கவில்லை. இன்றைக்கும் கிணற்றில் நானே இறைத்துத்தான் குளிக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் வேறு. எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

இந்த வரியை நீ இரண்டாம் தடவையும் படிப்பாய். எட்டாவது படித்தவர் என்று உன் மாமா வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நீ. நான் எட்டாவது படிக்கவில்லை. ஒன்றாவதும் படிக்கவில்லை. இந்தச் சித்திரையோடு எனக்கு எழுபத்தைந்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர். பதினொரு பெண்கள், நான் ஒருவன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் கீழத்தெரு வள்ளி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "என்ன மாமா, டீக்கடையில தெனமும் பேப்பர் படிப்பீங்களே, நீங்க எங்க இங்கிட்டு?" என்றாள். "படம் பாத்தேன் தாயி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தனை வருஷம் மூடி வைத்த ஒன்றை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு இப்போது இருக்கிற சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது? காலையில் எழுந்ததும் தீப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறேன். மாத்திரை அட்டை, உர மூட்டை, பஸ்ஸில் சீட்டுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருப்பது, ஒன்றையும் விடுவதில்லை. ஒரு சொல் முழுதாக வாயில் வந்து விழும்போது தேன் நக்கின மாதிரி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு வரி எழுதுகிறேன். நல்ல நாளாக இருந்தால் எட்டு. இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். இனிமேல் வருவதை அவரிடம் காட்டப் போவதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பேத்தி கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நீ நேரில் கொண்டுவருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் வருத்தமும் இல்லை. யாரையும் கூப்பிடாமல், வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து நானே படித்தேன். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. 'தெய்வத்திரு செல்லம்மாள்' என்று உன் ஆத்தா பெயர் இருந்தது. அவள் பெயரை எழுத்தில் நான் படித்தது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் விரலை எடுக்கவே மனம் வரவில்லை. அதற்குக் கீழே உன் மாமா பெயர் இருந்தது. என் பெயரைத் தேடினேன். எழுத்துக் கூட்டத் தெரியாமல் விட்டுவிட்டேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இல்லை. தம்பி, அதைக் கேட்க இதை எழுதவில்லை. பத்திரிகையில் என் பெயர் இல்லாததற்கு நியாயம் உண்டு. ஆனால் நீ நினைத்துக்கொண்டிருக்கும் நியாயம் வேறு, உண்மை வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பத்திரிகையின் கடைசியில் மண்டபத்தின் பெயரும், அரிமளம் என்றும் இருந்தது. சந்தேகம் வந்து மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்த இடம்தான். உனக்குத் தெரிந்திருக்காது, மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபமாக இருக்கும். காவலுக்கு இருந்தவர் "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்றார். "இங்க முன்னாடி ஒரு டாக்கீஸ் இருந்துச்சு" என்றேன். "டாக்கீஸா? நான் வந்து மூணு வருசந்தாங்க. அதுக்கு முன்னாடி சிமெண்டு குடோன்னு சொன்னாங்க" என்றார். வடக்கு ஓரத்து வேப்பமரம் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழேதான் எங்கள் வண்டிகளை அவிழ்த்துவிடுவோம். இப்போது அங்கே பைக் நிறுத்துகிறார்கள்.

உன் தாத்தா, அதாவது என் அய்யா, எனக்கு எட்டு வயதாகும்போது என்னை அரிமளத்தில் ஒரு பெரிய வீட்டில் மாடு மேய்க்க விட்டார். ஊரில் மானம் போய்விடும் என்று, பையன் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று சொல்லிவைத்தார். நான் மேய்த்த பொட்டலுக்குப் பக்கத்தில்தான் அந்த டாக்கீஸ். பாட்டு ரிக்கார்டை ஒலிபெருக்கியில் போட்டதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு ஓடிவருவேன். கீற்றுக் கொட்டகை, மூன்று பக்கம் தட்டி, தரையெல்லாம் ஆற்று மணல். முன்னால் இருப்பவன் தலை மறைக்கிறது என்று மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவன் "டேய், கோட்டையா கட்டுறே?" என்று காலால் உதைத்துக் கலைப்பான். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். அதன் மேல் கையை நீட்டிக் குடும்பத்தோடு வந்தவர்கள் முறுக்கும் பிள்ளையும் மாற்றிக்கொள்வார்கள். மழை வந்தால் திரை நனைந்து, கதாநாயகி முகத்தில் தண்ணீர் வழியும். என் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நான் அங்கே போனேன். ஒரு படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், யார் எங்கே நின்றார்கள், என்ன பேசினார்கள், பின்னால் என்ன மரம் இருந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுத்து மட்டும் திரையில் வரும்போது, படித்துவிட்டவன் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வேன்.

பதினெட்டு வயதில் ஊருக்குத் திரும்பி வந்தேன். அய்யா ஒரு வண்டியும் ஜோடி மாடும் வாங்கிக் கொடுத்தார். எட்டாவது படித்த மாப்பிள்ளை என்று திருமயம் பக்கம் பெண் பேசினார். உன் ஆத்தா அந்தக் காலத்திலேயே ஏழாவது படித்தவள். பெண் வீட்டார் தயங்கியபோது அய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம் பையன் ஒங்க பொண்ணுக்கு ஒரு வகுப்பு கூடத்தான்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். அய்யா மேல் மட்டும் பழி போட எனக்கு வழியில்லை. தலையை ஆட்டியது நான்.

கல்யாணமான முதல் மாதத்தில் உன் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். பிரித்து, கண்ணை மேலும் கீழும் ஓட்டி, "எல்லாரும் சொகமா இருக்காங்களாம்" என்று சொல்லி உன் ஆத்தாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவளுடைய அப்பாவுக்குக் கால் ஒடிந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் சத்தமாப் படிக்கிறேன், கேளுங்க. படிக்காம இருந்தா எனக்குப் பழக்கம் விட்டுப் போயிரும்" என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவள் சத்தமாகத்தான் படித்தாள். என் பெயரில் அவளே பதில் எழுதினாள். என் கையைப் பிடித்து, கோலம் போடச் சொல்லிக் கொடுப்பது போல ஒரு கையெழுத்துப் போட வைத்தாள். எந்த வளைவு எந்த எழுத்து என்று தெரியாமலே அதை வரையப் பழகினேன். எட்டு வருஷம் அவள் இந்த ரகசியத்தைக் காத்தாள், தன் அம்மாவிடமும் தம்பியிடமும் கூடச் சொல்லாமல்.

ஒரே ஒரு தடவை, நீ ஒன்றாவது சேர்ந்த புதிதில், உன் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இவனோட சேந்து நீங்களும் ஒக்காருங்களேன். நான் சொல்லித் தாரேன், ஒருத்தருக்கும் தெரியாது." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பொண்டாட்டிகிட்டப் பாடம் படிக்கிற அளவுக்கு எனக்கு என்ன வந்துச்சு?" என்று எழுந்து போய்விட்டேன். பாதிச் சோறு இலையில் கிடந்தது. அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த ஏழு மாதத்தில் ஒவ்வொரு நாளும் வகுப்பில் உட்காரும்போது அந்தப் பாதிச் சோறு எனக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் ஏழு மாதம்தான் ஆகியிருக்கும் தம்பி.

அவள் எனக்குக் கடிதம் படித்துக் காட்டினாள், நான் அவளுக்குப் படக்கதை சொன்னேன். அதுதான் எங்களுக்குள் நடந்தது. வெள்ளிக்கிழமை புதுப் படம் மாற்றினால் நம் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வண்டி கட்டுவேன். வண்டி நிறைய ஆள் கொண்டுவந்தால் வண்டிக்காரனுக்கு டாக்கீஸில் டிக்கெட் கிடையாது, சும்மா உள்ளே விடுவார்கள். ஊர்ப் பேரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். ராயவரம் வண்டி, கீழாநிலை வண்டி, ஆலம்பட்டி வண்டி. மாடுகளும் படம் பழகியவை. கடைசிப் பாட்டு முடிந்து சண்டையும் முடிந்து அந்த மேளச் சத்தம் கேட்டதும், படுத்துக் கிடந்த மாடுகள் தானாக எழுந்து நிற்கும். ஜனங்கள் வெளியே வருவதற்கு முன்னால் முப்பது நாற்பது மாடுகளும் நுகத்தடியைப் பார்த்து நிற்பதை நீயும் பார்த்திருக்கிறாய், என் மடியில் உட்கார்ந்து வந்த நாட்களில். உன் ஆத்தா வரமுடியாத நாளில், வீட்டுக்கு வந்து அவளுக்கு முதலிலிருந்து கடைசி வரை சொல்வேன். குரலை மாற்றி, அழுது, பாடி. நீ தூங்காமல் கேட்டுக்கொண்டிருப்பாய்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு எட்டாவது மாதம். உன் மாமா அப்போது புதுக்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார், லீவுக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தார். அவள் வாசலில் நின்று, "போயிட்டு வந்து ஒழுங்காச் சொல்லணும், பாட்டெல்லாம் விடாம" என்றாள். நான் மாட்டைத் தட்டினேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, சிரித்துக்கொண்டு.

இருட்டின பிறகு அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்துவிட்டது. நீ அங்கே இருந்தாய், என்னைவிட உனக்குத் தெரியும். ஊரில் அன்றைக்கு இருந்த இன்னொரு வண்டியும் வைக்கோல் ஏற்றப் போயிருந்தது. உன் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு மைல் டாக்கீஸுக்கு மிதித்து வந்தார். வண்டி கட்ட அவருக்குத் தெரியாது, மாடுகளும் அவரை அண்டவிடாது. நான் வந்தால்தான் வண்டி. படம் ஓடும்போது உள்ளே போய் ஆளைத் தேடுவது வழக்கமில்லை. வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்தால், ஒரு கண்ணாடித் துண்டில் கரியைப் பூசி, அதில் ஆணியால் கீறி, மெஷினில் வைத்துத் திரையில் காட்டுவார்கள். ஸ்லைடு என்பார்கள். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளம்பரமும் அப்படித்தான் வரும்.

இனிமேல் வருவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் தடவை அந்த ஸ்லைடு வந்தபோது ரீல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பீடி பற்ற வைக்கவும் சோடா வாங்கவும் எழுந்து ஒரே இரைச்சல். கறுப்பில் வெள்ளையாக எழுத்து. நான் வழக்கம்போல, படித்துவிட்டவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தோளில் துண்டு, எந்த ஊரோ தெரியாது, என் தொடையைத் தட்டி, "தம்பி, என்னப்பா எழுதியிருக்கான்? ரெண்டாவது வாட்டி போடுறானே" என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பொகையில வெளம்பரந்தான்" என்றேன். அவர், "அதுக்கு எதுக்கு இத்தன வாட்டி? ஏதோ அவசரம்னுல்ல நெனச்சேன்" என்றார். "காசு குடுத்திருப்பான் பெருசு, போடுறான்" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவர் அந்தப் பக்கம் இருந்தவனைக் கேட்டிருப்பார். அவன் சத்தமாகப் படித்திருப்பான். மூன்றாம் தடவை படம் ஓடும்போதே, நல்ல சண்டைக்கு நடுவில், அதைக் கொண்டுவந்து போட்டார்கள். கொட்டகை முழுக்க விசிலடித்தது. நானும் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். உன் மாமா அந்த நேரம் வாசல் தட்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அதற்கும் நான் வராததால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு மிதித்துப் போய்விட்டார். மண்சுவருக்கு அந்தப் பக்கம் நம் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது.

படம் முடிந்து, மாடுகள் எழுந்து நின்று, வண்டி கட்டிப் பாதி வழி வரை பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் உன் ஆத்தாவுக்குச் சொல்வதற்காகக் கதையை வாய்க்குள் ஒரு தடவை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடந்தது. நீ மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். அவளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஏதோ ஒரு லாரி கிடைத்து, புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் அவளும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை. எனக்கு அது எதுவும் அப்போது தெரியாது. நீ தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்து, "படம் நல்லா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாய். உனக்கு ஏழு வயது. எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாய்.

மூன்றாம் நாள் பந்தலில் வைத்துப் பேச்சு வந்தது. உன் மாமா அழுதுகொண்டே, "மூணு வாட்டி ஸ்லைடு போட்டாங்க மச்சான். நீங்க எந்திரிக்கவே இல்லையே" என்றார். அவருடைய அப்பா, "எட்டாவது படிச்சவருக்கு எழுத்தா தெரியாமப் போச்சு? படம் முடியட்டும்னு ஒக்காந்திருந்திருக்காரு" என்றார். கூட்டம் என்னைப் பார்த்தது. என் அய்யா தரையைப் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏமாற்றிக் கட்டினார்கள் என்று ஆகும். அதைவிட, அந்தப் பெரியவரிடம் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டிவரும். கல்நெஞ்சக்காரன் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது தம்பி. பொய்யன் என்ற பெயரை அது மூடியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன்னைத் திருமயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, உன் மாமா என்னைத் தனியாக அழைத்து இன்னொன்று சொன்னார். "கெளம்பும்போது அக்கா சொல்லுச்சு மச்சான். 'சீட்டு கீட்டு எழுதிக் குடுக்காதடா, உள்ள போயிச் சத்தம் போட்டுக் கூப்பிடு'ன்னு ரெண்டு வாட்டி சொல்லுச்சு. நாந்தான், படிச்சவன், கொட்டகைக்குள்ள போயிக் கத்துறது மரியாதை இல்லன்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். வலியில ஏதோ சொல்லுதுன்னு நெனச்சேன்." அவளுக்குத் தெரியும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும், 'அவருக்குப் படிக்கத் தெரியாதுடா' என்று தன் தம்பியிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உள்ளே வந்து கத்தியிருப்பார். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை. வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டேன். டிவி வந்தது, வீடியோ டெக் வந்தது, அந்த டாக்கீஸில் கூட்டம் குறைந்து, கீற்றெல்லாம் இற்று, ஒரு மழைக்காலத்தில் தட்டிகளைப் பிரித்து ஏலம் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அரிமளம் வழியாகப் பஸ்ஸில் போனால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. மணலும் பீடிப் புகையும் சேர்ந்த அந்த வாசனையை இன்றைக்கும் நான் தேடுகிறேன். அவளைக் கொன்ற இடத்தையே ஏன் இப்படித் தேடுகிறோம் என்று என்மேல் எனக்கே அருவருப்பு வந்திருக்கிறது. அவள் சிரித்ததெல்லாம் அங்கே பார்த்த கதைகளைக் கேட்டுத்தான் என்பதால் இருக்கலாம்.

நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு தடவை வந்தாய். வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்தப் படத்துல அப்படி என்னப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். நீ திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு உன் கல்யாணம், பேத்தி பிறந்தது, எல்லாம் எனக்குத் தகவலாகத்தான் வந்தன. நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் பதில் சொன்னதில்லை. இதுதான் பதில். அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. என்னிடத்தில்தான் ஒன்று இல்லை, அதை இருக்கிறது என்று சொன்னேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து ரோட்டுக்கு வந்தேன். நம் ஊர் நிறுத்தத்தில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பது உனக்குத் தெரியும். அதன் கீழேதான் இத்தனை வருஷம் பஸ்ஸுக்கு நின்றேன். அன்றைக்கு அதை எழுத்துக் கூட்டினேன். ஆ. ல. ம். ப. ட். டி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ஆலம்பட்டின்னு போட்டிருக்கு பாரு" என்றேன். அவள், "ஆமா தாத்தா, வேற என்ன போடுவாங்க?" என்றாள். அடுத்த நிமிஷம், அதே எழுத்துகளை முன்பே பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கு எழுத்தும் ஒரு படம்தான். பார்த்த படத்தை நான் மறப்பதில்லை என்று சொன்னேனே. மூன்று தடவை திரையில் வந்த அந்தப் படம், கறுப்பில் வெள்ளையாக, முதல் எழுத்துக்குக் கீழே வால் சுருண்டு, அப்படியே என் கண்ணில் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று உன் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே படித்தது அன்றைக்குத்தான். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, ரோட்டோரத்தில் நின்று, அதை முழுதும் படித்தேன். ஆலம்பட்டி வண்டி உடனே வெளியே வரவும்.

பேத்தி கல்யாணத்துக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளைப் பற்றி ஏதாவது கூட்டிச் சொல்லியிருந்தால், குறைத்துச் சொல்லியிருந்தால், தாலி ஏறுவதற்கு முன்னால் திருத்திவிடு. சின்ன விஷயம்தானே என்று விடாதே. எங்கள் வீட்டிலும் சின்ன விஷயமாகத்தான் இருந்தது. அவளுக்கு எது தெரியாதோ அதைத் தெரியாது என்று சொல்லப் பழக்கு. அவள் சொல்லும்போது சிரிக்காதே. நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். வகுப்பில் பதினொரு பெண்களும் சிரித்தபோதுதான் தெரிந்தது, அது ஒன்றும் செய்யாது என்று.

இந்தக் கடிதத்தை உன் மாமாவுக்கும் படித்துக் காட்டு. சீட்டு எழுதிக் கொடுத்தது தன் தப்பு என்று அவர் இன்னும் வைத்திருந்தால் இறக்கி வைக்கட்டும். அது சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்தது. அந்த ஆள் புகையிலை விளம்பரம் என்றான். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவள் அதைச் செய்துவிட்டாளா என்று கேட்கவும் வழியில்லை. இதைப் படித்த பிறகு உன் கோபம் குறையும் என்றும் நான் நினைக்கவில்லை, கூடலாம். ஆனால் அது இனிமேல் சரியான காரணத்துக்காக இருக்கும்.

முகூர்த்தத்தன்று காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். உள்ளே வரமாட்டேன். வடக்கு ஓரத்து வேப்பமரத்தடியில், பைக் நிறுத்துகிற இடத்தில் நிற்பேன். நீ வேண்டாம் என்று நினைத்தால் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கெட்டிமேளம் கேட்டதும் அங்கிருந்தே கையைத் தூக்கிப் பிள்ளைகளை வாழ்த்திவிட்டு பஸ் ஏறிவிடுவேன், நான் வந்தது யாருக்கும் தெரியாது. வரட்டும் என்று நினைத்தால், யார் கையிலும் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாதே. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்தான். இருந்தாலும் நீயே வாசலுக்கு வந்து, உன் ஆத்தா சொன்ன மாதிரி, சத்தம் போட்டுக் கூப்பிடு.

அப்பா